ஃபுல்லர்ட்டனில் ஒரு பென்சில் எழுத்து

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து தென்கிழக்கே ரயில் ஏறினால், சுமார் 40 கிலோமீட்டரில் ஃபுல்லர்ட்டன் வருகிறது. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிலும் ஆரஞ்சுத் தோட்டங்கள். இன்று எல்லாம் வீடுகள், கார்கள்! விசேஷமாகப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆனால், எங்கோ ஓர் ஊரில், காலமான தகப்பனாரின் கட்டிலுக்கு அடியிலிருந்து தூசி படிந்த கிதார்ப் பெட்டியை இழுத்து வெளியே வைக்கிறாரே ஒரு பெண், அவருக்கு வேண்டிய பதில் பெரும்பாலும் இந்த ஊரில்தான் எழுதப்பட்டது.

"இது என்ன மாடல்? எந்த வருஷத்தது?" கேள்வி சின்னதுதான். பதிலைப் பொறுத்து அந்தக் குடும்பத்துக்கு ஒரு புதுக் காரின் விலை கிடைக்கலாம். அல்லது வாங்க வந்த சாமர்த்தியசாலியிடம் அத்தனையும் பறிபோகலாம்.

கதையைச் சொல்கிறேன். லியோ ஃபெண்டர் கணக்கு எழுதப் படித்தவர். 1938-ல் இங்கே ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது! வாத்தியக் குழுக்களில் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய பேஸ் வாத்தியத்தைச் சுமந்து திரிவதே ஒரு தண்டனை. அதற்கு வயலினைப் போலவே மெட்டுக்கள் கிடையாது; ஸ்வரம் சற்றே பிசகும். 1951-ல் லியோ நான்கு தந்தி மின்சார பேஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையைப் போல் மெட்டு வைத்ததால் ஸ்வரம் துல்லியமாக விழும். அதனால் 'பிரிசிஷன் பேஸ்' என்றே பெயர். அப்போது தொழிற்சாலை ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த தகரக் கொட்டகைகள். கழிப்பறை வசதிகூட இல்லாமல், தொழிலாளிகள் ரயில் நிலையத்துக்கு ஓடுவார்களாம்!

மாடலைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தந்திகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் 'பிக்-அப்' இருக்கிறதல்லவா? அது இரண்டு துண்டாகி, ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தால் 1957-க்குப் பிந்திய பிரிசிஷன். இரண்டு நீளமான பிக்-அப்கள், சற்றே சாய்ந்த இடுப்பு, ஒடுங்கிய கழுத்து என்றால் 1960-ல் வந்த ஜாஸ் பேஸ். அதிலும், குமிழ்மேல் குமிழாக அடுக்கியிருந்தால் முதல் இரண்டு வருஷத்துச் சரக்கு என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று தனிக் குமிழ்கள் வந்துவிட்டன.

வருஷம்தான் சிக்கல். முதுகில் உள்ள தகட்டில் எண் இருக்கிறதே என்பீர்கள். தகடுகள் ஒரு பெட்டியில் கிடக்கும். கைக்கு அகப்பட்டதை எடுத்துத் திருகிவிடுவார்கள். ஆகையால் அந்த எண் ஒன்றிரண்டு வருஷம் முன்பின்னாகத்தான் சொல்லும்.

உண்மையைச் சொல்வது கழுத்தின் அடிமுனை. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் கழுத்து தனியே வந்துவிடும். நம் வீட்டுப் பாத்திரத்தில் பாட்டி பெயரும் தேதியும் வெட்டியிருப்பதுபோல, அங்கே ஒரு தேதி! 1962 வரை பெரும்பாலும் பென்சிலால் எழுதினார்கள். 1950-களில் கழுத்துக்களைச் செதுக்கிய ததேயோ கோமெஸ் என்ற தொழிலாளி தம் முதலெழுத்துக்களையும் போட்டு வைத்தார். அந்த இரண்டு எழுத்தைக் கண்டால் இன்றைய சேகரிப்பாளர்களுக்குக் கை நடுங்குகிறது. கோமெஸ் அதை நினைத்தா எழுதியிருப்பார்?

1962-க்குப் பிறகு ரப்பர் முத்திரை. '7 JUL 65' என்பதை 'ஏழாம் தேதி' என்று படித்துவிடாதீர்கள். அந்த ஏழு, ஜாஸ் பேஸ் என்பதற்கான அடையாளம். ஐந்து என்றால் பிரிசிஷன். பின்னால் வரும் ஆங்கில எழுத்து கழுத்தின் அகலம்.

இன்னொரு சாட்சி, குமிழுக்கு அடியில் உள்ள சிறிய உலோக வட்டு. அதில் '137 66 12' என்றிருந்தால், முதல் மூன்றும் செய்த கம்பெனி. பிறகு 1966-ஆம் வருஷம், பன்னிரண்டாம் வாரம். இது வட்டின் வயசுதான். 1966-ல் மொத்தமாக வாங்கிப் போட்டதைச் சில வருஷம் வரை உபயோகித்தார்கள். ஆகவே கழுத்தும் வட்டும் தகடும் சேர்ந்து ஒரே கதை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்புக் கம்பெனி ஃபெண்டரை 13 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தியது என்றாலே தனி மவுசு. எல்லாம் தங்கம், பிந்தியதெல்லாம் பித்தளை என்பது, என் அபிப்பிராயத்தில், கொஞ்சம் மிகைதான். ஆனால் சந்தை அப்படித்தான் நினைக்கிறது. போலிகளும் அதனால்தான் கிளம்புகின்றன. கழுத்தை மாற்ற நான்கு திருகாணி போதுமே!

பிக்-அப்களில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியவர்களில் பெண்கள் உண்டு. அபிகேல் இபாரா 1956-ல் வேலைக்குச் சேர்ந்து, 2013-ல்தான் ஓய்வு பெற்றார். அவர் சுற்றிய சுருள் என்றால் வாசிப்பவர்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள். ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலை 1985-ல் மூடப்பட்டு, கம்பெனி அருகிலுள்ள கொரோனா நகருக்குக் குடிபெயர்ந்தது.

உங்கள் உறவினர் வீட்டில் இப்படி ஒன்று அகப்பட்டால், வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், விலை பாதியாகிவிடும். தந்தியைத் தளர்த்திவிட்டு, நல்ல திருப்புளியால் கழுத்தைக் கழற்றிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தை விரலால் துடைக்க வேண்டாம், பென்சில்தானே, அழிந்துவிடும்.