பாஹியான் குறிப்பேட்டில் இருந்தவர்கள் சீனா போனபோது

மணிமங்கலம், படப்பை, ஒரகடம் பக்கத்தில் சீனா என்றால் கம்பெனிக்கு வரும் அட்டைப்பெட்டியின் மேல் இருக்கும் எழுத்து. நாங்கள் இருவரும் இந்தப் பக்கத்துக் காலனிகளில் பிறந்தவர்கள். உதவித்தொகையில் சியாமென் நகரில் படிக்கிறோம். மே தின விடுமுறையில் மூன்று நாள் குவான்சோ போய் வந்தோம். அதிவேக ரயிலில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூட. போனது ஊர் சுற்றிப் பார்க்க, வயிறாரச் சாப்பிட. படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு குற்றமில்லை என்பதால் இதையும் எழுதுகிறோம்.

முதலில் சாப்பாடு. அங்கே காலை உணவு மியன்சியன் ஹூ. சேமியாவைவிட மெல்லிய நூலைக் குழையக் குழைய வேகவைத்த கஞ்சி. அதன்மேல் என்ன வேண்டும் என்று கைகாட்டினால் வெட்டிப் போடுகிறார்கள்: பன்றிக்குடல், உறைந்த ரத்தம், ஈரல், எண்ணெயில் பொரித்த மாவு. ஆபீஸ் போகிறவர், பள்ளிப் பிள்ளை, நடைப்பயிற்சி முடித்து வந்த தாத்தா எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். எங்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பொரியலும் குடல் குழம்பும் உண்டு. திங்கட்கிழமை மிச்சம் இருந்தாலும் டிபன் பாக்ஸில் வைத்துவிடாதே என்று அம்மாவிடம் கெஞ்சிய பிள்ளைகள் நாங்கள். அதே குடலை ஒரு நகரமே நடுத்தெருவில், வெளிச்சத்தில் உட்கார்ந்து தின்கிறது.

மதியம் மாட்டுக்கறிக் கெங். கறியை அடித்துக் கிழங்கு மாவில் பிசைந்து, இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்த சூப். பெயர்ப்பலகையிலேயே மாட்டின் படம். நம் ஊரில் பீஃப் பிரியாணிக் கடை எந்தத் தெருவில், எந்த மூலையில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சிப்பியும் முட்டையும் சேர்த்துச் சுட்ட அடையும் சாப்பிட்டோம். கடற்புழுவை உறையவைத்த ஜெல்லி ஒன்று இருக்கிறது. எங்களில் ஒருவருக்கு அது இறங்கவே இல்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடிக்காததற்கும் தீட்டுக்கும் உள்ள தூரம் அந்த மேசையில் நன்றாகத் தெரிந்தது. கடைக்காரம்மா சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துப்போனார். யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை.

சீனாவில் எங்களைச் சாதி கேட்ட சீனர் ஒருவரும் இல்லை. கேட்டவர் தமிழர். ரயிலில் எதிர் இருக்கையில் தமிழ்நாட்டுச் சீனியர் ஒருவர். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. மணிமங்கலம் என்றதும் அடுத்த கேள்வி: "ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?" காலனி என்றோம். அதற்குப் பிறகு குவான்சோ வரும்வரை அவருக்குப் போனில் வேலை இருந்தது.

சீனப் பயணிகளைப் பற்றிப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். பாஹியான் 399இல் கிளம்பி வந்தார், குப்தர் காலம் பொற்காலம். அதே பாஹியான், சண்டாளர்கள் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள், ஊருக்குள் வரும்போது கட்டையைத் தட்டிக்கொண்டே வரவேண்டும், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார். யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தவர். ஏறக்குறைய அதே காலத்தில்தான் எங்கள் மணிமங்கலத்தில் நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்தான் என்று கூரம் செப்பேடு சொல்கிறது. அந்தப் போரைப் பெருமையாகப் பேச ஊரில் ஆள் உண்டு. இந்திய நகரங்களைப் பற்றிப் பொதுவாக எழுதும்போது யுவான் சுவாங் சொன்னதைப் பேசத்தான் ஆளில்லை: கறி வெட்டுகிறவர், மீன் பிடிக்கிறவர், மலம் அள்ளுகிறவர் வீடுகள் ஊருக்கு வெளியே, தெருவில் நடந்தால் இடப்பக்கம் ஒதுங்கித்தான் நடக்கவேண்டும். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு, ஆயிரத்து அறுநூறு வருடம் முன்பு சீனாக்காரர் கண்ணில் பட்டுக் குறிப்பேட்டில் ஏறியவர்கள் நாங்கள். இப்போது குறிப்பேடு எங்கள் கையில்.

குவான்சோவைத் தமிழர்கள் தேடிப்போவது கல்லுக்காக. 1281இல் அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்தது. தமிழிலும் சீனத்திலும் கல்வெட்டு உண்டு. சம்பந்தப்பெருமாள் என்பவர் மங்கோலியக் கான் நலனுக்காகச் செய்தது. கோயில் போய்விட்டது, கற்கள் இருக்கின்றன. கையுவான் புத்த விகாரையின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் நிற்கிறார்கள். கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்னும் நிறைய. பார்த்ததும் எங்களுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன். கூடவே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டும் நினைவுக்கு வந்தது. ராசராசன் காலத்திலேயே அதில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. கடல் தாண்டிக் கோயில் கட்டிய வணிகர் பெயர் கல்லில் இருக்கிறது. கப்பலில் மூட்டை ஏற்றியவர் யார், அவர் அந்தக் கோயிலுக்குள் போனாரா என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. தமிழர் பெருமை என்று செல்ஃபி போடும் தோழர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்துப் போடலாம்.

இதை வைத்து சீனாவைச் சொர்க்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஹூகோ என்று ஒரு பதிவு முறை 1958 முதல் இருக்கிறது. கிராமத்துப் பதிவு உள்ளவர் நகரத்துக் கம்பெனியில் எத்தனை வருடம் உழைத்தாலும், பிள்ளையை அங்கே அரசுப் பள்ளியில் சேர்ப்பதே போராட்டம். ஒரகடம் ஹாஸ்டல்களில் கிடக்கும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எங்கள் கறுப்பு நிறத்தைப் பார்த்துக் கேட்காமலேயே போட்டோ எடுத்தவர்களும் உண்டு. எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசி நாள் காலை எட்டு மணிக்கு அதே கஞ்சிக் கடையிலிருந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டோம். அங்கே ஐந்தரை. அம்மா முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து ரோட்டோரம், கழுத்தில் ஐடி கார்டோடு நின்றிருந்தார். கிண்ணத்தைக் காட்டினோம். பின்னால் நின்ற பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"ரத்தமா அது? இவ்ளோ வெளுப்பா இருக்கே. வெங்காயம், மிளகா ஒண்ணும் போடலையா?"

இல்லை என்றோம்.

"அப்புறம் என்னத்தச் சமைச்சாங்க," என்றார். பஸ் வந்துவிட்டது.