ஒரே நாளில் நான்கு குன்றுகள்

மலைக்குப் போவோம் என்று யாரேனும் சொன்னால் நம் இல்லங்களில் பேச்சு உடனே கொடைக்கானலுக்கும் உதகைக்கும் தாவிவிடுகிறது. அங்கே விடுதி வேண்டும், கம்பளிச் சட்டை வேண்டும், கைநிறையப் பணமும் வேண்டும். மதுரையைச் சுற்றி நிற்கும் சிறு குன்றுகளை எவரும் மலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றுள் பல, எவர் பெயரிலும் பட்டா இல்லாத அரசு நிலம். ஏறிப் பார்க்கப் பயிற்சி வேண்டியதில்லை. திடமான காலும் ஒரு குடம் தண்ணீரும் போதும். சென்ற தைத் திங்களில் ஒரு சனிக்கிழமை, நானும் என் மனைவியும், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகனும், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகளும் உறவினர் ஒருவரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு விடியலில் புறப்பட்டோம். இருட்டுவதற்குள் நான்கு குன்றுகளைப் பார்த்துவிடுவது எங்கள் திட்டம்.

முதலாவது, நகருக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம். கரையில் முதிர்ந்த ஆலமரங்கள். அவற்றின் நிழலில் அய்யனார் கோயில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் விலகவில்லை. தென்மேற்குச் சரிவில் செட்டிப்புடவு என்னும் குகைக்கு முதலில் ஏறினோம். குகை வாயிலின் இடப்புறப் பாறையில் தீர்த்தங்கரர் ஒருவரின் பெரிய உருவம் அமர்ந்திருக்கிறது. உள்ளே விதானத்தை ஒட்டி ஐந்து சிற்பங்கள். அவற்றுள் சிங்கத்தின்மீது அமர்ந்து, யானைமேல் வரும் வீரனோடு போரிடும் பெண்ணின் உருவத்தை என் மகள் விட்டு நகர மறுத்துவிட்டாள். கொல்லாமையை உயிர்நெறியாகக் கொண்டவர்களின் குகையில் போர்க்கோலம் ஏன் என்று மகன் கேட்டான். நல்ல கேள்விதான், ஆனால் என்னிடம் விடை இல்லை.

அங்கிருந்து இறங்கி, குன்றின் மறுபக்கத்துப் படிகளில் கால்மணி நேரம் ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் சிறு சுனை. அதன் மேலே வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள். கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இவற்றைச் செய்வித்தவர்கள் அரசர்கள் அல்லர். துறவியரும் அவர்தம் மாணாக்கரும் ஊராரும். இப்பகுதிக் குன்றுகள் பலவற்றில் அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. இங்கோ, அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த உருவமும் இருக்கிறது. மகன் துறவியாய் ஊர் ஊராகச் சென்றுவிட்டான். தாய் தன் பங்குக்கு ஒரு கல்லைச் செதுக்குவித்து, இன்னாருடைய தாய் என்று தன்னைக் குறித்து வைத்தாள். என் மனைவி அவ்விடத்தில் நெடுநேரம் நின்றாள்.

இன்னும் சற்று மேலே ஏறினால் இடிந்த கோயில் ஒன்றின் அடித்தளமும், அதற்கப்பால் விரிந்த வானமும் தாம். வடக்கே நாகமலை நீண்டு கிடந்தது. கிழக்கே நகரின் புகைக்கு மேல் யானைமலை தெரிந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்டிலியை அங்கே பிரித்தோம். துறவியர் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததால்தான் பள்ளிக்கூடம் என்னும் சொல் வந்தது என்று அறிஞர் பலர் கூறுவர் என்றேன். “அப்படியானால் இங்கும் வீட்டுப்பாடம் உண்டா?” என்றாள் மகள்.

யானைமலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மதுரையில் பிறந்தவர்க்கு அது வீட்டு வாசல் போன்றது. அடிவாரத்து நரசிங்கர் குடைவரையைக் கி.பி. 770-இல், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறங்காரி குடைவித்தார். பணி முடியுமுன் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார். மேலே சமணச் சிற்பங்கள் உள்ள இடம் வரைதான் ஏறினோம். அவற்றில் பழைய வண்ணப் பூச்சு இன்றும் சிறிது ஒட்டியிருக்கிறது. யானையின் முதுகுவரை குழந்தைகளோடு ஏற முயலவேண்டாம்; அது எளிய ஏற்றம் அன்று. 2010-ஆம் ஆண்டளவில் இம்மலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் ஒன்று எழுந்தது. சுற்றுப்புற ஊரார் கூடி எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. அதனால்தான் அங்கே ஏற எங்களுக்கு ஒரு மலை இருந்தது.

மேலூர்ச் சாலையிலிருந்து பிரிந்து அரிட்டாபட்டியை அடைந்தபோது உச்சிவேளை நெருங்கிவிட்டது. வெயிலில் பாறை சுடும் என்பதை மறந்து செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு ஓடிய மகன், அதே வேகத்தில் திரும்பி வந்தான்! ஊரைச் சூழ்ந்து ஏழு குன்றுகள். மழைநீர் பாறைச் சரிவில் வழிந்து சுனைகளில் தங்கி, பின் ஆனைகொண்டான் கண்மாய் முதலிய நீர்நிலைகளுக்கு இறங்குகிறது. அந்நீரில் வயல்கள் விளைகின்றன. குன்றை வெட்டினால் வயலுக்கு என்ன ஆகும் என்பதை இவ்வூர்ச் சிறுவனும் சொல்லுவான்.

கழிஞ்சமலையின் ஒருபுறம் சிவன் குடைவரை. அங்கே தமிழகத்தில் அரிதான இலகுலீசர் சிற்பம் இருக்கிறது. மறுபுறம் தமிழிக் கல்வெட்டுகளும் கற்படுக்கைகளும், அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரரும். படுக்கையின் நிழலில் நாங்கள் சோர்ந்து கிடக்க, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்தார். வானத்தைக் காட்டி, “அந்தா சுத்துதே, அது வல்லூறு தம்பி. இந்தப் பாறை இடுக்குலதான் குஞ்சு பொரிக்கும்” என்றார். இராசாளி வகைகள் உட்பட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கே காணப்படுகின்றன. அதனாலேயே 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 எக்டேர் நிலம், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

சரியாக ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், இத்தலத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 எக்டேர் பரப்பில் டங்ஸ்டன் தோண்டும் உரிமை ஏலத்தில் போயிற்று. பெரியவர் அந்த நாள்களைப் பற்றிச் சொன்னார். 2025 சனவரி 7 அன்று மக்கள் திரள்திரளாக மதுரைக்கு நடந்தே சென்றனர். அம்மாதம் 23-ஆம் நாள் நடுவண் அரசு ஏலத்தை நீக்கியது. “நாப்பது நாள் ஒழுங்கா தூக்கம் இல்ல. நெலம் போனா வேற ஊரு பாக்கலாம். மலை போனா எங்க போய்ப் பாக்குறது?” என்றார். பேச்சோடு பேச்சாக எங்கள் முறுக்கில் இரண்டை வாங்கி, ஒன்றைத் தாம் தின்று, ஒன்றை மடியில் முடிந்துகொண்டார்.

மாலையில் கீழவளவு. மேலூரைத் தாண்டியதும் சாலையோரம் சதுரம் சதுரமாக வெட்டிய பாறைக் கட்டிகள், வண்ணத்தில் எண்கள் எழுதப்பட்டு அடுக்கிக் கிடந்தன. 2012-இல் முறைகேடுகள் வெளிப்பட்டு வெட்டுக்குழிகள் பல மூடப்பட்டபின் எடுத்துச் செல்வார் இன்றி நின்றுவிட்டவை பல. நடுவே பஞ்சபாண்டவர் மலை. தொல்லியல் துறையின் காவலில் இருப்பதால் பிழைத்த குன்று. தொண்டியைச் சேர்ந்த அடியவர் ஒருவர் துறவியர்க்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அங்கே ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எழுத்தில் இருக்கிறது. எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டுள்ளன. மகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்க முயன்று, கடைசியில் பாறையில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

குன்றின் மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் பள்ளங்கள். சுவர் போல் செங்குத்தாக அறுத்த பாறை, அடியில் பச்சைநீர். அங்கும் குன்றுகள் இருந்தன. அவற்றின் பெயர் எனக்குத் தெரியாது. மகன் ஒன்றும் பேசவில்லை. மகள்தான் கேட்டாள்: “அப்பா, நம் வீட்டு அடுப்பு மேடைக் கல்லும் இப்படி ஒரு மலையா?”

மூன்றாண்டுகளுக்கு முன் சமையலறையைப் புதுப்பித்தபோது, பளபளப்பையும் விலையையும் பார்த்து அந்தக் கல்லை நானே தேர்ந்தெடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று கடையில் கேட்கவேண்டும் என்னும் எண்ணமே அன்று எனக்குத் தோன்றவில்லை. “ஆமாம் அம்மா, ஏதோ ஒரு மலைதான்” என்றேன்.

வெயில் தாழ்ந்துவிட்டது. பாறை வழுக்கும் இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். அடுத்த விடுமுறையில் திருவாதவூர்க் குன்றுக்குப் போகவேண்டும் என்று காரில் ஏறுமுன்னே பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். மகன் இம்முறை செருப்போடு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.