பட்டியலில் தேடும் படம்

மும்பையில் 2010 முதல் நடைபெற்றுவரும் காஷிஷ் திரைப்பட விழாவின் பட்டியலை ஆண்டுதோறும் ஆவலுடன் எதிர்நோக்குகிறேன். தன்பாலினரும் திருநங்கையரும் திருநம்பியரும் கேலிப் பாத்திரங்களாக அன்றி, கதைத் தலைவர்களாகவே காட்சிதரும் விழா அது. அப்பட்டியலில் என் கண் முதலில் தேடுவது தமிழ்ப் படத்தை!

ஏன் தெரியுமா? காதலுக்காக மதுரையை விட்டுச் சென்னைக்கு ஓடினர் இரு இளம்பெண்கள். பெற்றோர் புகார், காவலர் விசாரணை! அவர்தம் வழக்கில்தான் 2021 சூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றம், பாலீர்ப்பை மாற்ற முயலும் 'மருத்துவ'த்துக்குத் தடை விதித்தது. நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தாமே உளவியலாளரிடம் சென்று பாடம் கேட்டார்.

நீதியரசர் கற்றார், நாடு கற்க வேண்டாமா? திரையன்றோ எளியோரின் பள்ளிக்கூடம்! என் வகுப்பிலும் வாய்மூடி வாடும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். ஊரைவிட்டு ஓடாத கதையொன்றை அப்பிள்ளை வைகைக்கரையிலேயே காண வேண்டும். தமிழிலேயே கேட்க வேண்டும்!