புகை கலைந்த பிறகு

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பென்சில்வேனியா காடுகளில் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்குகின்றன. அமெரிக்காவின் இந்த மாநிலத்தில் 1974 முதல் பழைய பாணி மான் வேட்டைக்கென்றே தனிப் பருவம் உண்டு. குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். ஒரு முறை கெட்டித்தால் ஒரே வெடி.

சிக்கல் அதற்குப் பிறகுதான். விசையை அழுத்தியதும் வெண்புகை கண்ணை மறைக்கிறது. குண்டு பட்டதா? மான் எந்தப் பக்கம் ஓடியது? காதைத்தான் நம்ப வேண்டும். அனுபவசாலிகள் பின்னாலேயே ஓடுவதில்லை. முதலில் மறுபடி மருந்து கெட்டிக்கிறார்கள். மான் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

தரையில் பனி இருந்தால் அதிர்ஷ்டம். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல்; மான் அதிக தூரம் போயிருக்காது. கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம். சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சைக் கசிவும் நாற்றமும் இருந்தால் குடல்; இன்னும் நீண்ட நேரம் காக்க வேண்டும். அவசரப்பட்டால் குற்றுயிராகப் படுத்திருக்கும் மான் எழுந்து வெகுதூரம் ஓடிவிடும்.

தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடக்கிறார்கள். தடம் அறுந்தால் கடைசித் துளியிலிருந்து வட்டமிட்டுத் தேடுகிறார்கள். 2018-ல் கயிற்றில் பிடித்த மோப்ப நாய்க்கும் சட்டம் அனுமதி தந்தது.

உருண்டைக் குண்டு சில சமயம் மறுபக்கம் துளைக்காமல் உடலுக்குள்ளேயே தங்கிவிடும். அப்போது ரத்தம் அதிகம் கசியாது. எனவே பனி வெள்ளையாகவே இருக்கிறது என்று வீடு திரும்புபவரை இங்கே வேட்டைக்காரராக மதிப்பதில்லை.