ஆச்சியின் சேகரம்

ஆச்சியின் இரண்டு காது மடல்களிலும் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு உண்டு. மத்தியானம் அவள் திண்ணையில் கண்ணயரும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு அதை விரலால் உருட்டிக்கொண்டிருப்பேன். பாம்படம் போடுவதற்காகக் கைக்குழந்தையிலேயே வடித்த காது. தொங்கிய மடலை, மெஞ்ஞானபுரம் போர்டிங்கில் சேர்ப்பதற்கு முன்னால் அவள் அய்யா அறுத்துத் தைக்கவைத்துவிட்டார். காது வடிப்பது அஞ்ஞானப் பழக்கம் என்று மிஷனரிகள் சொல்லிச் சொல்லி, வேதக்காரக் குடும்பங்களில் அது மெல்ல நின்றுகொண்டிருந்த காலம். வலித்ததா என்று கேட்டால் பதில் வராது. "பாம்படத்துக்குன்னு சேத்து வச்ச பவுன எங்கய்யா கோயில் வேலைக்குத் தூக்கிக் குடுத்துட்டாவ" என்பாள். அதில் பெருமை பாதி, ஆதங்கம் பாதி. கடைசிவரை அந்த விகிதம் மாறவில்லை.

அவள் பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது. கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1914 என்று இருக்கிறது. ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் ஆதாரம். ஞானஸ்நானம் பெற்றது இங்கிலாந்து சபையில். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவள் இடுப்பில் கடைசிப் பிள்ளை. 2003-இல் திருநெல்வேலித் திருமண்டலம் பிரிந்து எங்கள் பக்கமெல்லாம் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் ஆனபோது தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நடந்தும் கோயிலில் அவள் உட்காரும் இடம் மட்டும் நகரவில்லை: பெண்கள் பக்கம், மூன்றாவது தூண், ஓலைப்பாயின் ஓரம். பிரிவினை பற்றி மாமாக்கள் ராத்திரி முழுக்கத் தர்க்கம் செய்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "எந்தத் திருமண்டலமானா என்னடே, அசனத்துக்குப் பருப்பு நாமதான வாங்கணும்?"

எங்கள் ஊர் உடன்குடிக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் இடையில், தேரிக்காட்டில். செம்மணலும் பனையும் உடைமரமும்தான். ஆடிக்காற்று வீசினால் மணல்மேடு இடம் மாறும், சோற்றுக்குள்ளும் வரும். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் என்ற மிஷனரி இந்த மணலில்தான் 1847-இல் பரிசுத்த பவுலின் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். அதன் கோபுரம் 192 அடி. நாங்கள் குருவானவரை ஐயர் என்போம், அதனால் அவரும் தாமஸ் ஐயர்தான். ஆச்சிக்கு அவர் ஏதோ நேற்றுச் செத்துப்போன பெரியப்பா மாதிரி. இத்தனைக்கும் அவர் இறந்தது 1870-இல். பனங்காட்டில் வழி தப்பினால் கோபுரத்தைப் பார்த்து நட என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். பிரசங்கங்களில் இதற்கு வேறு அர்த்தம் சொல்வார்கள். அவள் வழியைப் பற்றி மட்டும்தான் சொன்னாள்.

தாத்தாவுக்குக் கொழும்பில் கடை வேலை. தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் வருவதற்கு இரண்டு வருஷம் ஆகும். ஒரு தடவை தந்திதான் வந்தது. காய்ச்சல் என்றார்கள், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அதைப் பற்றி ஆச்சி அதிகம் பேசியதில்லை, நானும் இங்கே அதிகம் சொல்வதற்கில்லை.

உலை வைக்கும்போது, அளந்த அரிசியைக் களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையிலிருக்கும் மண்கலயத்தில் போடுவாள். பிடியரிசி. வீட்டில் எத்தனை பேர் சாப்பிட இருந்தாலும், அரிசி எவ்வளவு குறைந்திருந்தாலும் அந்தப் பிடி குறையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக் கலயமும் ஓலைப்பெட்டியில் கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்து அதை விற்பார்கள். காசு இந்திய மிஷனெரி சங்கத்துக்குப் போகும். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய சங்கம். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் பணம், நம் ஆள் என்று நிஜாம் சீமையிலிருந்த டோர்னக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அசரியா, எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-இல் இந்தியாவின் முதல் ஆங்கிலிக்கன் சுதேச அத்தியட்சர் ஆனார். சின்னப் பிள்ளையாக அவர் பிரசங்கம் கேட்டதாக ஆச்சி சொல்வாள். என்ன பேசினார் என்றால், "தொண்ட நல்ல தொண்ட" என்பதோடு சரி. டோர்னக்கல் எந்தத் திசை என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அங்கே யாரோ அவள் அரிசியில் சாப்பிடுகிறார்கள் என்பதில் சந்தேகமே கிடையாது.

பக்தி என்றால் கண்ணை மூடுவது என்று எனக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆச்சி கோயிலில் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. பாமாலைப் பாட்டு முழுக்க அவளுக்கு மனப்பாடம், புத்தகம் வேண்டாம். வாய் பாட, கண் பாயின் மேல் வரிசை வரிசையாக ஓடும். யார் வந்திருக்கிறார்கள் என்பதல்ல, யார் வரவில்லை என்பதுதான் கணக்கு. ஐயர் ஆசீர்வாதம் கூறி முடித்ததும் என் கையைப் பிடித்து, "மேலத்தெருக்காரியக் காணும், வாட்டி" என்று கிளம்பிவிடுவாள். முந்தானையில் கருப்பட்டி முடிந்திருப்பாள். போகிற வீட்டில் காய்ச்சல் இருக்கும், அல்லது புருஷன் பெண்டாட்டி சண்டை இருக்கும், அல்லது உடுத்த நல்ல சேலை இல்லாமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். முதல் இரண்டுக்கும் சத்தமாகப் பேசுவாள். மூன்றாவதற்குப் பேசாமல் திரும்பி வந்து, இருட்டிய பிறகு என்னிடம் ஒரு பொதியைக் கொடுத்தனுப்புவாள்.

ஒரு சித்திரை மாதம், பதநீர் நல்ல பருவத்தில், பனையேறி ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். உயிர் தப்பிவிட்டது, மரம் ஏற முடியாது. பாளையை ஒவ்வொரு நாளும் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். சில நாள் விட்டால் முனை காய்ந்து மரம் அந்த வருஷத்துக்குக் கைவிரித்துவிடும். அவர் குடும்பத்துக்கு வருஷச் சாப்பாடே அந்தச் சில மாசப் பதநீர்தான். அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஆச்சி மற்ற பனையேறிகளை நிறுத்திவைத்துப் பேசியது நினைவிருக்கிறது. கெஞ்சவில்லை, வசனம் எதுவும் சொல்லவில்லை. "நீ எத்தன மரம் சேத்து ஏறுவ? நீ?" என்று ஆள் ஆளாகக் கேட்டாள். ஓய்வுநாளில் ஏறலாமா என்று ஒருவர் இழுத்தார். "பாளைக்கு ஞாயித்துக்கெழம தெரியுமாலே? மணியடிக்க முன்ன ஏறி எறங்கு" என்றாள். உபதேசியார் பக்கத்தில்தான் நின்றார், வாய் திறக்கவில்லை.

அவர்கள் இறக்கிக் கொடுத்த பதநீரைக் காய்ச்ச விழுந்தவரின் பெண்டாட்டி ஒருத்தியால் முடியாது, ஆளுக்கும் கவனிப்பு வேண்டும். ஆச்சி விடிலிக்குப் போனாள், நானும் கூடப் போனேன். பனையோலைக் கூரை, உள்ளே அடுப்பின் அனல், காய்ந்த மட்டை வெடிக்கிற சத்தம். கலயத்தில் தடவிய சுண்ணாம்பு வாசனையோடு பதநீர் தாச்சியில் விழும். நுரை பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், பொங்கல் அப்படியே அடங்கும். துடுப்பை விடாமல் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடித்துக் கருப்பட்டி கசக்கும். பாகு கூப்பனிப் பதத்துக்கு வந்ததும் எனக்கு ஒரு சிரட்டையில் ஊற்றித் தருவாள். அதற்குப் பிறகு கதைக்கே இடமில்லை, முகம் முழுக்கக் கவனம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாள், உருண்டால் இறக்கி, மணலில் பதித்து வைத்த சிரட்டைகளில் வார்ப்பாள். அந்த நேரத்தில்தான் அவள் ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறேன். துடுப்பை நிறுத்தாமல், யாரோ எதிரே உட்கார்ந்திருப்பது போல: "பாத்துக்கிடும் ஆண்டவரே. ரெண்டு கொமரு இருக்கு வீட்ல." அவ்வளவுதான்.

பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனம் ஆச்சியின் ராஜ்யம். முதல் நாள் ராத்திரியே கோயில் வளாகத்தில் அரிவாள்மணைகள் வரிசையாக உட்கார்ந்துவிடும். கத்தரிக்காய் மலை, முருங்கைக்காய் மலை, வெங்காயத்துக்கு அழுதுகொண்டே சிரிக்கிற சித்திகள். வடித்த சோற்றைப் பாயில் வெள்ளைவேட்டி விரித்துக் கொட்டுவார்கள், என் உயரத்துக்கு நிற்கும். ஆட்டுக்கறிக் குழம்பின் உப்பை ஆச்சி புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் பந்தி. பணக்காரன், பனையேறி, மும்பையிலிருந்து கோட்டுப் போட்டு வந்தவன், எல்லாரும் ஒரே தரையில் ஒரே இலையில். இதைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் எழுதும் மலர்களில் உருகி உருகி எழுதுவார்கள். எழுதாதது ஒன்று உண்டு: துணி வெளுக்கிறவர் வீட்டுக்கும் முடிவெட்டுகிறவர் வீட்டுக்கும் சோறு வாளியில்தான் போனது. அவர்கள் ஏன் இங்கே உட்காரவில்லை என்று கேட்டேன். "அவிய வரமாட்டாவ" என்றாள். அழைத்தார்களா என்று அடுத்து கேட்டபோது ஆச்சிக்குச் சட்டென்று குழம்பில் வேலை வந்துவிட்டது. யார் வரவில்லை என்று கணக்கெடுக்கிற கண்தான் அது. அந்த இரண்டு வீடும் அவள் கணக்கில் வாளியாக மட்டுமே இருந்தன.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவள் தந்திரக்காரி. கோழி, வாழைக்குலை, கருப்பட்டி, பூசணிக்காய் எல்லாம் காணிக்கையாக வந்து குவியும். எவனுக்கு வெளியூரிலிருந்து மணியார்டர் வந்தது, எவன் கடனில் இருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காசுக்காரனோடு போட்டி போட்டு விலையை ஏற்றிக்கொண்டே போய், அவன் மூக்கு விடைக்கிற இடத்தில் வாயை மூடிக்கொள்வாள். ஏதோ ஒரு ஏழை வீட்டிலிருந்து ஒற்றை முட்டை வந்திருந்தால் மட்டும், ஏலம் விடுகிறவர் வாயெடுப்பதற்குள் முதல் விலையே பத்து ரூபாய் என்று கத்துவாள். முட்டை அப்போது கடையில் ரூபாய்க்கும் குறைவு. கொடுத்தவளை யாரும் இளக்காரமாகத் திரும்பிப் பார்க்க அவகாசம் கிடைக்காது.

மருமகள்களுக்கு அவள் இவ்வளவு இரக்கம் காட்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அம்மா அந்த வீட்டில் வாக்கப்பட்ட முதல் சில வருஷங்கள் பற்றிப் பேசினால் இன்றைக்கும் குரல் மாறும். ஊருக்கெல்லாம் கருப்பட்டி போன வீட்டில் அம்மாவுக்குக் காப்பி எண்ணித்தான் கிடைத்தது.

2008-இல் ஆச்சி போனாள். கோயில்குட்டியார் துக்கமணி அடிக்கத் தொடங்கியதும் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சைக்கிளிலும் வேனிலும் வந்துவிட்டார்கள். அந்தப் பனையேறியின் மகள் வந்திருந்தாள், நாசரேத்தில் டீச்சர். அவளும் என் அம்மாவும் சேர்ந்துதான் குளிப்பாட்டினார்கள். வேறு யாரையும் அம்மா பக்கத்தில் விடவில்லை.

எங்கள் ஊரில் பிடியரிசி இப்போது கவரில் பணமாகப் போகிறது. பெண்கள் சங்கக் கூட்டத்தில் சின்ன அத்தை மட்டும் அரிசிதான் வேண்டும் என்று சண்டை போடுகிறாள், தோற்கிறாள், அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுப்புகிறாள். ஏலமும் பாதி செல்போனில். ஒரு வருஷம், பெரியப்பா மகன் மும்பையிலிருந்து வீடியோ காலில் ஒற்றை முட்டையை இரண்டாயிரத்துக்கு எடுத்தான். முட்டையை யார் கையில் கொடுப்பது என்று ஏலம் விட்டவர் விழித்தார். "அவன் வாறதுக்குள்ள கெட்டுப் போவும், மறுபடி ஏலம் விடுங்க" என்றாள் அத்தை. அதே முட்டை இன்னொரு எழுநூறுக்குப் போனது.