உறைபனிக் கால உதகை

கோடையில் மட்டுமே உதகமண்டலத்தைக் கண்டோர் சனவரி மாதத்து உதகையை அறியார். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அம்மலைநகரில், முகிலற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் வைகறைப் புல்வெளி உறைபனியால் வெண்ணிறம் பூண்டு நிற்கும். காண இனிய காட்சி. கூடாரத்தில் உறங்குவோர்க்கோ கடுஞ்சோதனை!

அனுமதி பெற்ற முகாமில் குடும்பத்துடன் தங்க விரும்புவோர் ‘ஸ்லீப்பிங் பேக்’ எனும் உறக்கப்பையை ஆய்ந்து வாங்குதல் வேண்டும். பை வெப்பத்தைப் பிறப்பிப்பதில்லை. உடலின் வெப்பத்தைக் காக்கிறது, அவ்வளவே. ஐ.எஸ்.ஓ. 23537 தரமுறையில் ‘கம்ஃபர்ட்’ என்பது பெண் ஒருவர் இதமாக உறங்கும் வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது ஆடவர் உடலைச் சுருட்டியேனும் தாங்கும் எல்லை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதோ உயிர் தப்புவதற்கான அளவு, உறக்கத்திற்கன்று. பெரிதாக அச்சிட்ட எண் இவற்றுள் எதுவெனக் கேளுங்கள். உறைபனி இரவுக்குக் ‘கம்ஃபர்ட்’ அளவே சுழியத்திற்குச் சில பாகைகள் கீழே இருத்தல் நன்று.

பறவைத் தூவி நிரப்பிய பை இலேசானது. நனைந்தால் வெப்பம் காக்காது. செயற்கை இழைப்பை கனமானதாயினும் ஈரத்திலும் ஓரளவு காக்கும். உடலின் பாரத்தால் அடிப்புறம் நசுங்குமாதலால், தடித்த விரிப்பு இன்றியமையாதது. குழந்தைக்குப் பெரியவர் பை ஆகாது. அதன் வெற்றிடத்தைச் சூடாக்கவே அச்சிற்றுடல் களைத்துவிடும்.

வீட்டில் குளிருக்கு முதலில் நடுங்குபவர் எவரோ, அவரையே அளவுகோலாகக் கொள்க. அவர் இதமாக உறங்கினால் மற்றவர்க்கும் குறையில்லை.