கிளைடருக்கும் பிரேக் உண்டு

இன்ஜினே இல்லாத விமானத்துக்கு பிரேக் எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். பறக்கத்தான் இன்ஜின் வேண்டாம். இறங்கிய பிறகு நிற்க வேண்டாமா?

படிக்க வந்த ஜெர்மனியில் ஒரு கிளைடர் கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். குளிர்காலத்தில் இங்கே பறப்பது குறைவு. அந்த மாதங்களில் உறுப்பினர்களே பட்டறையில் வேலை பார்க்க வேண்டும். எனக்கு வந்தது ஏஎஸ்கே 13-இன் சக்கர பிரேக். 1966-இல் முதன்முதலில் பறந்த ரகம், இரண்டு பேர் உட்காரலாம்.

சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே நம்ம டிவிஎஸ் 50 மாதிரியே டிரம் பிரேக். இரண்டு ஷூ, ஒரு கேபிள், ஒரு நட். அட, இவ்வளவுதானா! பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தேன். லைனிங்கில் கிரீஸ் படவில்லை, கேபிளில் இழை பிரியவில்லை. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, அப்பாவின் வண்டிக்குச் செய்வது போலவே நட்டை நன்றாக இறுக்கினேன். லீவரைத் தொட்டதும் பிடித்தால்தானே நல்ல பிரேக்?

மறுவாரம் இறக்கைகளை மாட்டினோம். மேற்பார்வை பார்க்கும் பெரியவர் கிளைடரைத் தூக்கி நிறுத்தி, என்னை உள்ளே உட்கார வைத்தார். ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். "நீல லீவரை மெதுவாக இழு. இறக்கையைப் பார்."

இதில்தான் விஷயமே இருக்கிறது. இந்தக் கிளைடரில் சக்கர பிரேக்குக்கென்று தனி லீவர் கிடையாது. இறக்கையில் ஏர்பிரேக் தகடுகளை எழுப்பும் அதே லீவர், கடைசியாகக் கொஞ்சம் இழுக்கும்போது சக்கரத்தையும் பிடிக்கும். நான் இழுத்தேன். தகடுகள் பாதிதான் எழுந்திருந்தன. சக்கரம் நின்றுவிட்டது.

"முழு ஏர்பிரேக்கோடு இறங்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டார் பெரியவர்.

யோசித்தேன். தரையைத் தொடும் முன்பே சக்கரம் பூட்டியிருக்கும். தொட்டதும் மூக்கு போய் தரையில் குத்தும். வயிற்றைக் கலக்கியது.

நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். அதிகம் தளர்த்தினாலும் ஆபத்து. லீவர் கடைசிவரை வந்தும் பிரேக் பிடிக்காமல், ஓடுதளத்தின் முடிவில் இருக்கும் வேலியில் போய் நிற்கும். தகடுகள் முழுதாக எழுந்த பிறகு பிடிக்க ஆரம்பித்து, லீவர் முடியும் முன் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். அந்த இடம் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு லாக் நட்டை இறுக்கினோம். ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரலில் முதலில் பயிற்சியாளர் பறந்து பார்த்தார். மதியம் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தனியாக ஏறினான். இங்கே 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம். அவன் இறங்கும்வரை என் கண் அந்த ஒற்றைச் சக்கரத்தை விட்டு நகரவில்லை. தகடுகளை முழுதாக எழுப்பியபடியே வந்தான். சக்கரம் புல்லில் தாராளமாக உருண்டது. பிறகு மெதுவாக நின்றது.

இறங்கி வந்தவன் காற்றைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினான். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும்.